மூளையில் சிப் வைத்தால் பார்வை வருமா? கேமரா ரெடி, கம்ப்யூட்டர் ரெடி... சிக்கல் எங்கே?

2024 செப்டம்பரில் வந்த அந்தச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் தயாரிக்கும் 'பிளைண்ட்சைட்' என்ற மூளைக் கருவிக்கு அமெரிக்கா ஓகே சொல்லிவிட்டது, இனி பார்வையில்லாதவர்களும் பார்க்கலாம் என்ற ரீதியில் அது சுற்றியது. மஸ்க்கும் தன் எக்ஸ் பக்கத்தில் பெரிதாகவே எழுதியிருந்தார். இரண்டு கண்களையும் பார்வை நரம்பையும் இழந்தவர்கள்கூடப் பார்ப்பார்களாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் முதன்முறையாகப் பார்ப்பார்களாம். ஆரம்பத்தில் பழைய அட்டாரி வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும், போகப்போக இயற்கைப் பார்வையையே மிஞ்சும் வாய்ப்பும் இருக்கிறதாம்.

முதலில் ஒரு திருத்தம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்று கொடுத்தது 'பிரேக்த்ரூ டிவைஸ்' என்ற அடையாளம் மட்டுமே. தீவிரமான ஒரு பிரச்சினைக்குப் புதிய வழி தேடும் கருவி என்பதால், அதிகாரிகள் முன்கூட்டியே பேசி, ஆய்வை முன்னுரிமையுடன் கவனிப்பார்கள் என்று அர்த்தம். கருவி வேலை செய்கிறது என்ற சான்றிதழ் அது இல்லை. ஹால் டிக்கெட் சீக்கிரம் கிடைத்துவிட்டது என்பதற்காக பரீட்சையில் பாஸ் என்று சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான்.

டெக் ரசிகர்களுக்கு இது இன்னொரு கேட்ஜெட் செய்தி. ஆனால், வீட்டில் பார்வையிழந்த அப்பாவோ தங்கையோ இருக்கும் ஒருவருக்கு அப்படி இல்லை. "அங்க போய் சிப் வச்சா சரியாகிடுமா?" என்று அவரிடம் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், இந்தக் கருவிகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன என்று பார்க்க வேண்டும்.

கம்பி எங்கே அறுந்தது?

'பார்த்தேன்' என்று நாம் சொல்லும் வேலையின் பெரும்பகுதி கண்ணில் நடப்பதில்லை. ஒவ்வொரு விழித்திரையிலும் சுமார் 12 கோடி ஒளி உணரும் செல்கள் இருக்கின்றன. அவை வாங்கும் வெளிச்சம் மின் சமிக்ஞையாக மாறி, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியாகப் பயணித்து, தலையின் பின்பக்கம், படுத்தால் தலையணையில் பதியும் இடத்துக்கு உள்ளே இருக்கும் 'விஷுவல் கார்டெக்ஸ்' பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. காட்சி உருவாவது அங்கேதான்.

இந்தப் பாதை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை. கண்புரை என்றால் லென்ஸில் பிரச்சினை, ஆபரேஷன் போதும். சொல்லப்போனால், இந்தியாவில் 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு இன்றும் முதல் காரணம் சிகிச்சை பெறாத கண்புரைதான். 2015-19 தேசியக் கணக்கெடுப்பில் அதன் பங்கு 66.2 சதவீதம். அவர்களுக்கு நியூராலிங்க் வேண்டாம், பக்கத்து ஊர் கண் முகாம் போதும்.

விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் மட்டும் கெட்டு, மீதி நரம்பு உயிரோடு இருந்தால் கண்ணுக்குள்ளேயே சிப் வைக்கலாம். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைபவர்களுக்கான 'ப்ரீமா' என்ற சிப் அந்த வகை. 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவு, 378 பிக்சல். 2025 அக்டோபரில் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அதைப் பொருத்தி ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்துகளைப் படிப்பதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. உண்மையிலேயே நல்ல செய்தி இது.

ஆனால், குளுக்கோமா முற்றிப் பார்வை நரம்பே பட்டுப்போனவர்? விபத்தில் இரு கண்களும் போனவர்? அவர்களுக்குக் கண்ணுக்குள் எந்த சிப் வைத்தும் பயனில்லை. மூளைக்குப் போகும் கம்பியே இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே வழி, நேராக மூளையையே தொடுவது.

1968-ல் எரிந்த ஒளிப்புள்ளிகள்

கண்ணை மூடிக்கொண்டு இமையோரத்தை மெதுவாக அழுத்தினால் ஒரு மங்கலான ஒளி வளையம் தெரியும். வெளியே வெளிச்சம் எதுவும் இல்லாமலே தெரிகிற வெளிச்சம். மருத்துவத்தில் இதற்கு 'பாஸ்பீன்' என்று பெயர். விஷுவல் கார்டெக்ஸில் லேசாக மின்சாரம் கொடுத்தாலும் இதே மாதிரி ஒளிப்புள்ளி தோன்றும். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் 1929-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார்.

1968-ல் பிரிட்டனில் கைல்ஸ் பிரின்ட்லி, வால்போல் லெவின் என்ற இருவர், பார்வையிழந்த 52 வயதுப் பெண்ணின் மூளை மேல் எலெக்ட்ரோடு வரிசை ஒன்றைப் பொருத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். தலைக்கு வெளியிலிருந்து ரேடியோ சிக்னல் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கு வெள்ளையாகச் சிறு புள்ளி தெரிந்தது. வேறொரு எலெக்ட்ரோடை இயக்கினால் வேறு இடத்தில் புள்ளி.

அட, நிலவில் மனிதன் இறங்குவதற்கு முன்பே நடந்துவிட்டதா? அப்புறம் ஏன் 50 வருடங்களுக்கு மேலாகியும் சிப் கடைக்கு வரவில்லை?

எல்இடி போர்டு கனவு

பஸ் முன்னால் ஊர்ப் பெயர் காட்டும் எல்இடி போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான புள்ளிகள் எரிந்தால் எழுத்து தயார். மூளையிலும் அதே கணக்குதான் என்று ஆராய்ச்சியாளர்கள் நம்பினார்கள். எலெக்ட்ரோடு எண்ணிக்கையைக் கூட்டினால் படம் தெளிவாகும், அவ்வளவுதான் என்று.

மூளை அப்படி ஒத்துழைக்கவில்லை. போர்டில் பல்புகள் வரிசையாக இருக்கும். மூளையில் தோன்றும் புள்ளிகளோ, புள்ளிக் கோலம் போட உட்கார்ந்தவர் கை தவறிக் கோலமாவைச் சிதறவிட்ட மாதிரி இருக்கும். ஒரு எலெக்ட்ரோடுக்கு ஒரு புள்ளி வரும், பக்கத்து எலெக்ட்ரோடுக்கு இரண்டு மூன்று புள்ளிகள் வரும், இன்னொன்றுக்குச் சின்ன மேகம் மாதிரி ஏதோ ஒன்று வரும். 1968-லேயே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியும் வரைபடம் இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு எலெக்ட்ரோடாக இயக்கி, "எங்கே தெரியுது?" என்று கேட்டுக் கேட்டு, அவருக்கென்று தனி வரைபடம் தயாரிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதோடு, விஷுவல் கார்டெக்ஸின் பெரும்பகுதி மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே ஒட்டும் தகடு அங்கே எட்டாது.

இன்னொரு தலைவலி, பல எலெக்ட்ரோடுகளை ஒரே நேரத்தில் இயக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடுகின்றன. 'ஏ' என்ற எழுத்தின் வடிவில் எலெக்ட்ரோடுகளைத் தேர்ந்தெடுத்து இயக்கினாலும் தெரிவது வெறும் ஒளித் திட்டு.

இதற்கு ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு கண்டுபிடித்த வழி கொஞ்சம் விளையாட்டுத்தனமானது. சின்ன வயதில் முதுகில் விரலால் எழுதி "என்ன எழுத்து, சொல்லு" என்று விளையாடியிருப்போமே? விரல் நுனிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் யாருக்கும் புரியாது, ஒரு விரலால் கோடு இழுத்தால் உடனே புரியும். அதையே மூளையில் செய்தார்கள். எலெக்ட்ரோடுகளை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, எழுத்தின் கோட்டின் மேல் மின்சாரம் நகர்வது போல இயக்கினார்கள். பார்வையற்ற பங்கேற்பாளர்கள் எழுத்தின் வடிவத்தைச் சரியாக வரைந்து காட்டினார்கள். ஒருவர் நிமிடத்துக்கு 86 வடிவங்கள் வரை அடையாளம் கண்டார். 2020-ல் இந்த ஆய்வு வெளியானது. எலெக்ட்ரோடு எண்ணிக்கை கூடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது, மூளையிடம் பேசிய விதம்.

எதைக் காட்டுவது, எதை விடுவது?

இங்கேதான் இமேஜ் பிராசஸிங் வருகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உண்மையான போராட்டம் இதுதான், சிப்பைப் பற்றிய தலைப்புச் செய்திகளில் இது அநேகமாக வருவதே இல்லை.

கருவி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். கண்ணாடி பிரேமில் சின்ன கேமரா. அது எடுக்கும் வீடியோ, இடுப்பில் மாட்டிய ஒரு சிறு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே படம் சுருக்கப்பட்டு, எந்த எலெக்ட்ரோடுக்கு எவ்வளவு மின்சாரம் என்ற கட்டளையாக மாறி, தலைக்குள் இருக்கும் கருவிக்கு வயர்லெஸ்ஸில் செல்லும். கேமரா லட்சக்கணக்கான பிக்சல்களைக் கொடுக்கிறது. வெளியேறும் வாசலில் இருப்பதோ 60 புள்ளிகள், அல்லது 100, அதிகம் போனால் சில நூறு.

உங்கள் போனில் இருக்கும் தெருப் படம் ஒன்றைத் திறந்து, அதை 10-க்கு 6 கட்டமாகக் குறைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டங்கள்தான் மிஞ்சும். பைக் எது, ஆள் எது, பள்ளம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, படத்தைச் சும்மா சுருக்குவது வேலைக்கு ஆகாது. எதைக் காட்டுவது என்று தேர்வு செய்தாக வேண்டும்.

பழைய வழி, ஓரங்களை மட்டும் எடுப்பது. வெளிச்சம் திடீரென மாறும் இடங்களைக் கண்டுபிடித்துக் கோடாக்கினால், கதவின் சட்டம், மேசையின் விளிம்பு தெரியும். வெறிச்சோடிய ஆய்வகத்தில் இது நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குள் வந்ததும் பிரச்சினை. டைல்ஸ் கோடு, திரைச்சீலையின் பூ டிசைன், ஜன்னல் கம்பியின் நிழல் எல்லாமே ஓரம்தான். கம்ப்யூட்டருக்கு நிழலும் படிக்கட்டும் ஒன்று.

அதனால் ஆழத்தை அளக்கும் கேமராவைச் சேர்த்து, அருகில் இருப்பதை மட்டும் காட்டிப் பார்க்கிறார்கள். ஏஐ வந்த பிறகு இன்னொரு படி மேலே: 'இது தரை, இது சுவர், இது மனிதன்' என்று பிரித்து, தரையின் எல்லையையும் குறுக்கே நிற்பதையும் மட்டும் கோடாக வரைவது. டிசைன், நிழல் எல்லாம் நீக்கப்படும். இவற்றை மனிதர் மூளையில் உடனே சோதிக்க முடியாது என்பதால், பார்வையுள்ள தன்னார்வலர்களுக்கு விஆர் கண்ணாடி மாட்டி, ஒளிப்புள்ளிகளாக மட்டும் காட்டி, தடைகளுக்கு நடுவே நடக்கவிடுகிறார்கள். நெதர்லாந்து, கலிபோர்னியா ஆய்வகங்களில் இந்தப் பாணியில் பல சோதனைகள் நடக்கின்றன. வசதியான குறுக்கு வழிதான். ஆனால், விஆர் கண்ணாடியைக் கழற்றினால் பழைய பார்வை திரும்பிவிடும் ஒருவர் நடப்பதும், 15 வருடமாக இருட்டில் இருப்பவர் நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காட்டுவதா, அவர் கையில் உள்ள டீ டம்ளரைக் காட்டுவதா? நடக்கும்போது வேண்டியது தரை. பேசும்போது வேண்டியது முகம். கம்ப்யூட்டர் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அதைக் கண்டுபிடிக்கும் வழிகூடப் பயனாளிக்கு இல்லை. காட்டப்படாத ஒன்று அவரைப் பொறுத்தவரை அங்கே இல்லவே இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. 'முன்னால் நாற்காலி' என்று ஏஐ கண்டுபிடித்துவிட்டால், அதை மண்டையைத் திறந்து புள்ளியாகக் காட்டுவானேன், காதில் சொல்லிவிடலாமே? 'சீயிங் ஏஐ', 'பி மை ஐஸ்' போன்ற செயலிகள் போனிலேயே அதைச் செய்கின்றன. மருந்து அட்டையைப் படிக்க, ரூபாய் நோட்டை அறிய அவை போதும். ஆபரேஷன் வேண்டாம், வலிப்பு வரும் அபாயம் வேண்டாம். ஆமாம், மூளைக்கு மின்சாரம் அளவு மீறிப் போனால் வலிப்பு வரலாம். ஆனால், எதிரே வருபவர் விலகுகிறாரா, நிற்கிறாரா என்பதை ஒவ்வொரு நொடியும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கருவி ஜெயிக்க வேண்டியது அந்த இடத்தில்தான்.

கண் அசைந்தால் உலகம் நகரும்

வெளியில் அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல். கேமரா கண்ணாடியில் இருக்கிறது, கண் அதன்பாட்டுக்கு அசைகிறது. கண் இடப்பக்கம் திரும்பினால், தெரியும் ஒளிப்புள்ளிகளும் இடப்பக்கம் நகர்வது போலத் தோன்றும். கேமராவோ நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விளைவு, மேசையில் இருக்கும் டம்ளரை எடுக்க நீட்டிய கை வேறு இடத்தில் துழாவும். தீர்வு இரண்டு. கண்ணை அசைக்காமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுவது ஒன்று. கண் அசைவை அளந்து படத்தை அதற்கேற்ப நகர்த்துவது இன்னொன்று. விபத்தில் கண்ணையே இழந்தவருக்கு இரண்டாவது வழியும் சிரமம்.

அப்படியானால் ஆயிரக்கணக்கில் எலெக்ட்ரோடு வைத்தால்? நெதர்லாந்தில் 2020-ல் குரங்குகளுக்கு 1,024 எலெக்ட்ரோடுகள் வைத்து, அவை எழுத்துகளை அடையாளம் காண்பதைக் காட்டினார்கள். முன்னேற்றம்தான். ஆனால், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அயோனி ஃபைன், ஜெஃப்ரி பாய்ன்டன் 2024-ல் ஒரு கம்ப்யூட்டர் மாதிரி மூலம் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பூனை வீடியோ ஒன்றை 45,000 பிக்சலில் திரையில் போட்டால் தெளிவாக இருக்கிறது. அதையே 45,000 எலெக்ட்ரோடு வழியாக மூளையில் செலுத்தினால் மங்கிப்போய்த்தான் தெரியும் என்று வந்தது. காரணம், மூளையின் ஒரு நியூரான் ஒரு பிக்சல் இல்லை. அது ஒரு சின்னப் பரப்பையே கவனிக்கிறது, அதிலும் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்குத்தான் பதில் சொல்லும். அட்டாரியில் தொடங்கி இயற்கையை மிஞ்சும் என்ற கணக்கு இந்த இடத்தில் இடிக்கிறது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு?

மஸ்க் சொன்னதிலேயே மிகவும் கவனமாக அணுக வேண்டிய வரி இது. பிறந்ததிலிருந்து பார்வை இல்லாதவரின் விஷுவல் கார்டெக்ஸ் சும்மா காலியாக இருப்பதில்லை. பிரெய்ல் படிக்கும்போது அந்தப் பகுதி இயங்குவதை 1996-லேயே ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். வேறு குடும்பம் குடியேறிவிட்ட வீடு அது.

இதில் இந்தியாவிலிருந்து முக்கியமான பாடம் இருக்கிறது. எம்ஐடி பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'புராஜெக்ட் பிரகாஷ்', பிறவிக் கண்புரையால் பல ஆண்டுகள் பார்வையின்றி இருந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிறது. 2011-ல் வெளியான அவர்களின் ஆய்வில், பார்வை கிடைத்த உடனே குழந்தைகளால் கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியவில்லை. சில நாள்களிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பது நம்பிக்கை தரும் பகுதி. ஆனால், அவர்களுக்குக் கிடைத்தது முழுக் கண், முழு நரம்பு. 60 சிதறிய புள்ளிகள் இல்லை. இப்போதைய மூளைக் கருவி சோதனைகளில் முன்பு பார்வை இருந்து பிறகு இழந்தவர்களையே சேர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கம்பெனி மூடிவிட்டால்?

கடைசியாக, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் யாரும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்ற விழித்திரைக் கருவியைத் தயாரித்தது. 60 எலெக்ட்ரோடு, விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். 2011-ல் ஐரோப்பாவிலும் 2013-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்து, உலகம் முழுக்க சுமார் 350 பேருக்குப் பொருத்தப்பட்டது. 2019-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2020-ல் நிறுவனம் மூடும் நிலைக்குப் போய்ப் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பியது. 2022-ல் 'ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம்' இதழ் இதை வெளிக்கொண்டு வந்தபோது, கருவி பழுதானால் உதிரிபாகம் இல்லை, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்ற நிலையில் பயனாளிகள் இருந்தார்கள். இதே நிறுவனம்தான் 2018-ல் 'ஓரியன்' என்ற மூளைக் கருவியை ஆறு பேருக்குச் சோதனைக்குப் பொருத்தத் தொடங்கியிருந்தது.

போன் கம்பெனி மூடினால் வேறு போன் வாங்கலாம். விழித்திரையில் ஒட்டியதை, மூளையில் பொருத்தியதை அப்படி மாற்ற முடியாது. 'எத்தனை எலெக்ட்ரோடு?' என்பதைவிட 'பத்து வருடம் கழித்து இதை யார் சர்வீஸ் செய்வார்கள், எடுக்க வேண்டுமென்றால் செலவு யாருடையது?' என்ற கேள்வியை முதலில் வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

இன்று மனிதர்களிடம் நடப்பவை எல்லாம் சிறு எண்ணிக்கையிலான சோதனைகள். சிகாகோவில் 2022-ல் தொடங்கிய ஒன்றில், தலா 16 எலெக்ட்ரோடு கொண்ட 25 வயர்லெஸ் சிப்களை, மொத்தம் 400 எலெக்ட்ரோடுகளை, மூளைக்குள் வைத்தார்கள்.

அதற்கு முன், ஸ்பெயினின் எல்செ நகரில் நடந்த சோதனை 2021-ல் வெளியானது. 16 ஆண்டுகளாகப் பார்வையில்லாத 57 வயதுப் பெண்ணின் மூளையில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள, 96 ஊசிகள் கொண்ட சிப். மூளை மேல் ஒட்டும் தகடுகளைவிட மிகக் குறைந்த மின்சாரமே அதற்குப் போதும். அவரால் பொருள்களின் விளிம்பை உணர முடிந்தது. ஐ, எல், சி, வி, ஓ போன்ற சில ஆங்கில எழுத்துகளைச் சொல்ல முடிந்தது. ஆறு மாதம் முடிந்ததும், முன்பே ஒப்புக்கொண்டபடி, சிப் வெளியே எடுக்கப்பட்டது.